அக்கா கொண்டுவந்த தண்ணீரில் ஜப்பான் டீ

“…அதுக்காக, இப்பத்தான் பால் பொங்குன வீட்டுல, வந்த மனுசிக்குப் பாலில்லாத தண்ணியையா நீட்டுவ? இங்கன என்ன துட்டியாலே விழுந்திருக்கு?”

சொன்னது என் அக்கா சண்முகத்தாய். சொன்ன இடம், கோவில்பட்டியில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் அடுப்படி. போன ஞாயிற்றுக்கிழமை காலை. பால் காய்ச்சி முடித்து, சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த நேரம்.

அக்கா முன்னால் ஒரு தட்டு. தட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் இளம்பச்சை. இன்னொன்றில் கறுப்புக்குக் கொஞ்சம் முந்திய சிவப்பு. தட்டைப் பிடித்திருந்த கை யாருடையது? என்னுடையதுதான்.

அக்கா அடுத்து என்ன செய்தாள் என்று சொல்வதற்கு முன்னால், அந்தத் தட்டு அங்கே வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் அக்கா கட்சிக்குப் போய்விடுவீர்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் டீப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை… நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கண்டக்டர் உடம்பில் ஓடுவது பாதி ரத்தம், பாதி டீ. ஆனால் சர்வீஸில் இருந்த காலத்தில் நான் குடித்ததை ருசித்துக் குடித்தேன் என்று சொல்ல மாட்டேன். டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் தொண்டையில் ஊற்றிக்கொண்டு ஓட வேண்டும். சூடு இருந்ததா? சரி. சீனி இருந்ததா? ரொம்பச் சரி. டீ இருந்ததா? அதை யார் பார்த்தார்கள்!

ருசி என்று ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தவன் வின்சென்ட். தூத்துக்குடியில் இருக்கும் என் பழைய டிரைவரின் மகன். சரக்குக் கப்பலில் வேலை. ஒரு லீவுக்கு வந்தபோது வெள்ளிக் காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினான்.

“மாமா, ஒங்களுக்கு டீன்னா உசிருன்னு அப்பா சொன்னாவ. இது ஜப்பான்ல வாங்குனது. பால மட்டும் ஊத்திராதீங்க. அங்கன உள்ளவிய கேள்விப்பட்டா அழுதுருவாவ.”

பால் ஊற்றவில்லை. ஆனால் கடை டீயைப் போல தளதளவென்று கொதிக்க விட்டேன். என் மனைவி சரசு ஒரு வாய் குடித்துவிட்டு, “வேப்பங்கொழுந்தை அரைச்சுக் குடுத்தா குடல்ல பூச்சியாவது சாகும். இதுக்கு என்ன பிரயோசனம்?” என்றாள்.

நானும் விடுகிற ஆளில்லை. கொதித்த தண்ணீரை ஆறவிட்டு ஊற்றிப் பார்த்தேன். கசப்பு போனது, ஆனால் ருசி வரவில்லை. மேலே ஆடை மாதிரி ஒரு படலம் மிதந்தது. காரணம் இலை இல்லை என்று மெல்ல மெல்லப் புரிந்தது. தண்ணீர்! எங்கள் கரிசல் பூமியில் போர் போட்டால் வருவது சாதம் வடிக்கவே சங்கடப்படுகிற தண்ணீர். பக்கெட்டில் ஊற்றி வைத்தால் ஓரத்தில் வெள்ளை பூக்கும். அதில் ஜப்பான் என்ன, எந்த நாட்டு இலையைப் போட்டாலும் வாயை மூடிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் போட்டேன் — மருந்து வாடை. கேன் தண்ணீரில் போட்டேன் — சத்தமில்லாத டீவி மாதிரி, படம் தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் ஒருநாள் எப்போதும்வென்றான் கிராமத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சட்டைப் பையில் கொஞ்சம் இலை. (ஆமாம், பையில் டீத்தூளோடு திரிகிற ஆள்தான் நான். என்ன இப்போ?) அக்கா வீட்டில் மொட்டைமாடி மழைத்தண்ணீர் குழாய் வழியாக சிமெண்டுத் தொட்டியில் இறங்கும். ஐப்பசியில் பிடித்தது சித்திரை வரை குடிக்க. அதில் போட்டேன்.

எப்படிச் சொல்வது! கம்பங்கதிரில் பால் பிடிக்கிற நேரத்தில் காட்டுக்குள் நடந்திருக்கிறீர்களா? அந்த வாசனை. முதல் வாயில் பச்சை. விழுங்கின பிறகு, எங்கிருந்தோ ஓர் இனிப்பு நாக்கின் ஓரத்துக்கு வந்து நிற்கும். சீனி கிடையாது, ஒன்றும் கிடையாது. அதே இலையில் இரண்டாவது தடவை தண்ணீர் ஊற்றினால் வேறு ருசி. மூன்றாவது தடவை இன்னொன்று. ஒரே ஆள் மூன்று வேளையும் மூன்று குணத்தில் பேசுகிற மாதிரி.

அதற்கப்புறம் வின்சென்ட் வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம். ஒன்றில் வறுத்த அரிசி கலந்திருக்கும். மூடியைத் திறந்தால் சரஸ்வதி பூஜை அன்று பொரி மூட்டை அவிழ்த்த வாசனை! இன்னொன்று இலையையே வறுத்தது. சாயங்காலம் அதைக் குடித்தால், கடலை வறுக்கிற சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சுகம்.

கறுப்பு டீயையும் விடவில்லை. நீலகிரியிலிருந்து நல்ல இலை வரவழைத்து, பால் சேர்க்காமல், மழைத்தண்ணீரில் இறக்கினால் மாதுளம்பழச் சாறு மாதிரி ஒரு நிறம். அதோடு எங்கள் ஊர்க் கடலைமிட்டாயை ஒரு கடி. மிட்டாயின் பாகு பல்லில் ஒட்டும், டீயின் துவர்ப்பு வந்து அதைக் கழற்றும். கோவில்பட்டியில் பிறந்த மிட்டாய்க்கும் மலையில் பிறந்த இலைக்கும் இப்படி ஒரு ஜோடிப் பொருத்தம் இருக்கும் என்று எந்த ஜோசியர் சொல்லியிருப்பார்?

ஆக, மாதம் ஒருமுறை நான் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எட்டயபுரம் தாண்டி அக்கா ஊர். தொட்டியில் மொண்டுகொண்டு திரும்பி பஸ். கண்டக்டர்கள் எல்லாம் தெரிந்த பையன்கள். “என்ன அண்ணாச்சி, அக்கா வீட்டுச் சீதனமா?” என்று கேலி பேசுவார்கள். பேசட்டும்.

இந்த நேரத்தில்தான் வீடு கட்டுகிற பேச்சு வந்தது.

அக்காவுக்கு ஓர் ஆசை. அவள் வீட்டுக்குப் பக்கத்து மனை சும்மா கிடக்கிறது, அதில் நான் வந்து கட்ட வேண்டும். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் சரசுவின் தையல் கடை கோவில்பட்டியில். அவள் கையை நம்பி ஜாக்கெட் கொடுக்கிற கூட்டத்தை எப்போதும்வென்றானுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? கோவில்பட்டியிலேயே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம்.

அன்றைக்கு அக்கா வந்தாள். தோண்டிய குழியை எட்டிப் பார்த்தாள். கரிசல் மண் இல்லையா, கழுத்தளவு தோண்டினால்தான் அஸ்திவாரம் நிற்கும். குழிக்குள் இருந்து என் தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலையைப் பார்த்துச் சொன்னாள்.

“எங்க ஊருத் தண்ணி வேணும். ஊரு மட்டும் வேண்டாம், என்னலே? கட்டு. நல்லாக் கட்டு. பால் காய்ச்ச வாரேன். கூடப் பெறந்தவ வரலன்னா நாலு பேரு சிரிப்பாவ. ஆனா உன் வீட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாது. பாத்துக்கோ.”

அவள் போன பிறகுதான் குழியிலிருந்து ஏறினேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் வாய் நனைக்காமல் போவது என்றால் அந்த உறவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. இன்றைக்குத் தண்ணீர் குடிக்காதவள் நாளைக்கு நல்லது கெட்டதுக்கு வாசலோடு நிற்பாள். பிறகு வாசலுக்கும் வர மாட்டாள். எத்தனை குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்! பஸ்ஸில் முன் சீட்டில் அண்ணனும் பின் சீட்டில் தங்கையும் உட்கார்ந்து, தனித்தனியாக டிக்கெட் எடுத்து, ஒரே ஊரில் இறங்கிப் போனதைப் பார்த்தவன் நான். எனக்கு இருப்பது ஒரே அக்கா. பின் சீட்டுக்கு அவளை அனுப்புவதாக இல்லை.

அன்றே முடிவு கட்டினேன் — இந்த வீட்டில் அவள் வாயை நனைக்க வைக்காமல் விடுவதில்லை.

கூடவே இன்னொரு முடிவும் எடுத்திருந்தேன். அதை சரசுவிடம், சமையல் மேடைக்கு டைல்ஸ் ஒட்டும்போது அறிவித்தேன். “இந்த அடுப்படியில எவன் டீ போட்டாலும் அதுல பால் விழாது.”

“வாரவங்க பால் டீ கேட்டா?”

“முக்குல கடை இருக்கு, அங்கன போய்க் குடிக்கட்டும்.”

“விளங்கும்” என்றாள் சரசு.

பாருங்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். ஒருத்தி தண்ணீரை வேண்டாம் என்கிறாள், ஒருவன் பாலை வேண்டாம் என்கிறான். தண்ணீரும் பாலும் இல்லாமல் ஒரு குடும்பம் எதைத்தான் குடித்து வாழும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்தும் விடியாமல் அக்காவும் அத்தானும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அக்கா இடுப்பில் ஒரு பித்தளைக் குடம், வாய் நிறையத் தண்ணீர். கூடப்பிறந்தவள் நிறைகுடம் கொண்டுவர வேண்டும் என்பது முறை. அத்தான் கையில் தூக்குவாளி, அவர்கள் வீட்டு மாட்டில் கறந்த பால். அத்தானுக்கு ஆடும் மாடும்தான் உலகம். மற்ற விவகாரங்களில் தலையிட மாட்டார்.

முறையில் அக்கா ஒரு குறை வைக்கவில்லை. அவள்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவள்தான் பாலை ஊற்றினாள். பால் பொங்கி வழிந்தபோது அவள் போட்ட குலவையில் தெருமுனை நாய் எழுந்து ஓடியது. மேலாகப் பாலை எடுத்துச் சீனி கலந்து, டம்ளர் டம்ளராக எல்லோருக்கும் அவளே கொடுத்தாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

சரசு விடவில்லை. “மதினி, நீங்க குடிக்கலையே?”

“வெறும் பாலு எனக்கு என்னைக்கும்மா எறங்கியிருக்கு? டீயில விட்டாத்தான் உண்டு. உனக்குத் தெரியாதா?”

உண்மைதான். அக்கா வெறும் பால் தொடுவதில்லை. சபதத்துக்குச் சபதமும் ஆச்சு, மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு. எவ்வளவு சுத்தமான வேலை!

அத்தான் மட்டும் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். “எனக்கு எந்தச் சபதமும் கெடையாது மாப்ளே. இன்னொரு டம்ளர் ஊத்து.”

நான் காத்திருந்தது அந்தக் குடத்துக்குத்தான். அதில் இருந்தது அக்கா வீட்டுத் தொட்டியின் மழைத்தண்ணீர். சபதம் யார் வீட்டுத் தண்ணீருக்கு? என் வீட்டுத் தண்ணீருக்கு. இது அவள் வீட்டுத் தண்ணீர். அதில் டீ போட்டுக் கொடுத்தால் சபதமும் உடையாது, வாயும் நனையும்… எப்படி என் கணக்கு?

டீ என்றால் சும்மா டீயா? வின்சென்ட் கடைசியாகக் கொண்டுவந்த பொட்டலத்தை இதற்காகவே பிரிக்காமல் வைத்திருந்தேன். குடத்தில் மொண்டு கொதிக்க வைத்து, ஆறவிட்டு, இலையில் ஊற்றி, மூடி வைத்து, எட்டிப் பார்க்காமல் பொறுத்திருந்து… அன்று இறங்கிய நிறத்தை நான் அதுவரை கண்டதில்லை. பக்கத்திலேயே நீலகிரி இலை. அவளுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுக்கட்டும் என்று இரண்டு டம்ளர்.

சரசு என் கையைப் பிடித்தாள். “ஏங்க, சொன்னாக் கேளுங்க. பாலில்லாம குடுக்காதீங்க. இன்னைக்குப் போய்…”

“நீ சும்மா இரு. இதுல பால் விட்டா அத்தனையும் வீணு.”

தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அப்போதுதான் அக்கா அதைச் சொன்னாள். “இங்கன என்ன துட்டியாலே விழுந்திருக்கு?”

கூடத்தில் இருந்த தலைகளெல்லாம் அடுப்படிப் பக்கம் திரும்பின.

எனக்குத் தெரியாத விஷயமா அது? எங்கள் பக்கம் துட்டி, அதாவது சாவு, விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார் கடுங்காப்பி போட்டு வாளியில் கொண்டுவந்து, அழுது ஓய்ந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். பால் சேர்க்க மாட்டார்கள். எங்கள் அப்பா போன அன்றைக்கு அக்கா கையில் யாரோ திணித்த டம்ளரிலும் இதே நிறம்தான். ஜப்பான், நீலகிரி, மழைத்தண்ணீர் என்று நாக்கோடு ஊர் சுற்றியதில் சொந்த ஊரை மறந்து தொலைத்திருந்தேன்.

அக்கா திரும்பி மூலையில் வைத்திருந்த தன் பையைப் பார்த்தாள். கூடத்தில் அத்தான் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று வாசலைப் பார்த்தார். நான் தட்டைக் கீழே வைக்கவில்லை.

“யக்கா, அது உன் தண்ணி.”

“என்னது?”

“உன் குடத்துத் தண்ணி. இதுல இந்த வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு கெடையாது. இலை இந்த ஊரு இலையே கெடையாது. நீ சொன்ன சொல்லுல நீ நில்லு, நான் வேண்டாங்கல. ஆனா வாய நனைக்காம உன்ன இந்த வாசல் தாண்ட விட மாட்டேன்.”

அக்கா குடத்தைப் பார்த்தாள். வாய்வரை இருந்த தண்ணீர் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பச்சை டம்ளரை எடுத்து மோந்து பார்த்தாள்.

“அவத்திக்கீர அவிச்ச தண்ணி மாதிரி இருக்கு. இதுக்கா மாசாமாசம் பஸ்ஸுல வந்து என் தொட்டிய மொண்டுட்டுப் போன?”

“ஆமா.”

“இதுக்கு மட்டுமா?”

ஒரு மனிதன் தண்ணீர் எடுக்க என்று மாதம் தவறாமல் அக்கா வீட்டுக்குப் போவது தண்ணீருக்காக மட்டுமா என்பதை, சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். மேடையில் இருந்த பெரிய சொம்பை எடுத்தாள். பச்சை டம்ளரை அதில் கவிழ்த்தாள். கறுப்பு டம்ளரையும் அதிலேயே கவிழ்த்தாள். பக்கத்தில் இரண்டு கூஜாக்களில் மிச்சம் இருந்த என் இரண்டு டீயும் உள்ளே போயின. ஜப்பானும் நீலகிரியும் ஒரே சொம்பில்! நான் வாயைத் திறப்பதற்குள், பொங்கிய பானையின் அடியில் மிச்சமிருந்த தன் வீட்டுப் பாலைச் சாய்த்து ஊற்றினாள். பார்க்காமலே கையை நீட்டினாள். சரசு சீனி டப்பாவை அந்தக் கையில் வைத்தாள். அள்ளிப் போட்டு, இன்னொரு சொம்பை எடுத்து, கை எட்டுகிற உயரத்திலிருந்து ஓர் ஆற்று ஆற்றினாள். நுரை தும்பை தும்பையாக எழும்பியது.

என் சபதம் அந்த நுரையில் போனது. வின்சென்ட் சொன்ன ஜப்பான்காரர்களை நினைத்துக்கொண்டேன். அழுதால் அழட்டும்.

அக்கா சொம்பை அண்ணாந்து ஊற்றிக் குடித்தாள். பாதியை என் கையில் கொடுத்தாள். குடித்தேன். என்ன ருசி என்று கேட்காதீர்கள்… இந்தப் பத்தியில் இதுவரை டீயைப் பற்றி நான் எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது.

பிடிவாதம் பிடிக்கிறவர்கள் எல்லோருமே இறங்குவதற்கு ஒரு படி தேடுகிறவர்கள்தான் என்பது என் கண்டக்டர் அனுபவம். படி நமக்குப் பிடித்த அளவில், பிடித்த கலரில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் அவர்கள் அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த படி, கீரைத்தண்ணீர் நிறத்தில் ஒரு பால் டீ.

“வந்தவுக எல்லாம் வெறும் பாலோட உக்காந்திருக்காவ. ஒரு டீ போட வேண்டாமா?” என்று சொல்லிக்கொண்டே, அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனாள். குடம் அவள் காலடியிலேயே இருந்தது. அதைத் தாண்டிப் போய், எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஒரு கை பிடித்து வாயில் ஊற்றிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். சொம்பு நிறையப் பிடித்து அடுப்பில் வைத்தாள்.

உப்புத் தண்ணீர். டீக்கு ஆகவே ஆகாது. நான் டீத்தூள் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.